ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க: குணசேகரன் நினைவாக

செய்தி வந்தபோது ஒரு கிரயப் பத்திரத்தின் வரைவில் நான்கு எல்லைகளை எழுதிக்கொண்டிருந்தேன். வடக்கே கோவிந்தன் நிலம், தெற்கே ஓடை என்று எழுதிவிட்டுக் கிழக்கே வந்தபோது போன் அடித்தது. அமிர்தி டீக்கடை முனுசாமி பேசினார். "ரைட்டரே, நம்ம மோட்டார் குணா பூட்டாருபா. காலையில கடையைத் தொறந்து ஒக்காந்தவரு அப்டியே சாஞ்சிட்டாரு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சி" என்றார். சரி என்று சொல்லி போனை வைத்தேன். கிழக்கே ஓடை என்று எழுதினேன். மேற்கேயும் ஓடை என்று எழுதினேன். எதிரில் உட்கார்ந்திருந்தவர் எட்டிப் பார்த்து, "இன்னாங்க, என் நெலம் இன்னா தீவா?" என்று கேட்ட பிறகுதான் பேனாவை மூடினேன்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. இதையும் நின்றுகொண்டு பாதி, நடந்துவந்து பாதி என்றுதான் எழுதுகிறேன். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் இறந்த அன்று, நானும் அவரும் முகம்கொடுத்துப் பேசி மூன்று மாதம் ஆகியிருந்தது. பேச்சை நிறுத்தியது நான். இதை மறைத்துவைத்துக்கொண்டு அவரைப் புகழ்ந்து எழுத எனக்கு வராது.

அவரைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. குணசேகரன் கணியம்பாடியில் கிணற்று மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். ஐம்பத்தொரு வயது. மனைவி மல்லிகா. கல்யாணமாகிப் போன ஒரு மகள். அவரிடம் ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிள் இருந்தது. நூறு சிசி, இருபது வருஷப் பழசு, பால் கேன் கட்டிக்கொண்டு போகிறவர்கள் வைத்திருக்கும் ரகம். அதை அவர் கோயில் யானையைப் போல நடத்தினார். காலையில் குளிப்பாட்டுவார், வெயிலில் நிறுத்தமாட்டார், யார் வந்தாலும் தொட்டுப் பார்க்கச் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் ஆறு பேர் ஆளுக்கொரு வண்டியில் அமிர்தி வழியாக ஜவ்வாது மலைக்குப் போவோம். எங்கள் ஐந்து பேருக்கும் ஓட்டுவதுதான் விஷயம். குணாவுக்கு நிற்பதுதான் விஷயம். மலைமேல் நாலு வீடு தெரிந்தால் போதும், புளியமர நிழலில் நிறுத்திவிடுவார். வண்டியை யாராவது பார்க்கிறார்களா என்று பார்ப்பார். கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துவிட்டால் அந்த ஆள் தப்ப முடியாது. சாவியை எடுத்து நீட்டி, "ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க" என்பார். ஓட்டத் தெரியாதவரென்றால் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு அவரே போய்வருவார். "ஆசை அவங்க கண்ணுல தெரிஞ்சா நாமதான் மொதல்ல நீட்டணும். வாயத் தொறந்து கேக்க வெக்கக் கூடாதுபா" என்பது அவருடைய சட்டம்.

யாரிடமும் பெயர் கேட்கமாட்டார். எனக்கு அதுதான் எரிச்சல். நான் பத்திரம் எழுதுகிறவன். பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் இல்லாமல் ஒரு வரி எழுதமாட்டேன். "யாருன்னே தெரியாது. வண்டியோட பூட்டான்னா இன்னா பண்ணுவே?" என்று ஒருமுறை கேட்டேன். "பூட்டா பஸ்ல எறங்கிக்கலாம் வா. எவ்ளோ தூரம் போவான்? டேங்குல அரை லிட்டருதான் கீது" என்றார். அவர் வேண்டுமென்றே அரை லிட்டர் வைத்திருந்தாரா, பெட்ரோல் போடச் சோம்பலா என்பது எங்கள் ஐந்து பேருக்குள் இன்றும் தீராத வழக்கு.

ஒருநாள் தலையில் புல்லுக்கட்டோடு போன ஒரு அம்மா நின்றார். கட்டை இறக்கி வைத்தார். வண்டியைச் சுற்றி வந்தார். குணா பின்சீட்டைத் துடைத்துக் காட்டினார். "அய்யே, எனக்கு ஏற வாணாம். அந்த ஆரன மட்டும் ஒருவாட்டி அடிச்சுக்கட்டா?" என்று கேட்டார் அந்த அம்மா. அடித்தார். ஒரு கோழி பறந்தது. திரும்ப அடித்தார். பிறகு எங்களை மறந்துவிட்டார். இந்தப் பக்கம் நின்று அடித்தார், அந்தப் பக்கம் போய் நின்று அடித்தார், கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். புல்லுக்கட்டைத் தூக்கிவிடும்போதும் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். பேட்டரி இறங்கி ஹாரன் அன்று முழுக்கத் தொண்டை கட்டியே கிடந்தது. "இருவது வருசமா இத நான் அடிக்கிறேன். ஒருநாளு எனக்கு இப்டி சிரிப்பு வந்துதா பாரேன்" என்று பொறாமைப்பட்டார் குணா.

அமிர்தியில் நடந்ததை நீங்கள் பலரும் நேரில் பார்த்திருப்பீர்கள். வெளியூரிலிருந்து ஒரு கூட்டம், ஒவ்வொரு வண்டியும் ஒரு எருமை அகலம், ஆளுக்கொரு கறுப்பு ஜாக்கெட்டு. டீக்கடை முனுசாமி பாலை அடுப்பில் வைத்துவிட்டு அந்த வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். குணா நேராக அவர்களிடம் போனார். "தம்பி, நல்லா கீது வண்டி. நீங்க டீ குடிக்கிற நேரம் சும்மாதான நிக்கப் போவுது. எங்க மாஸ்டர் ஒரு ரவுண்டு போய்ட்டு வரட்டுமா?" என்றார். அவர்கள் முகம் போன போக்கு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவர்களில் ஒருவர் மட்டும், என்ன தோன்றியதோ, ஹெல்மெட்டைக் கழற்றி முனுசாமி தலையில் மாட்டிவிட்டார். முனுசாமி போய்த் திரும்பி வருவதற்குள் பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. அரைமணி நேரத்தில் காட்டிலாகா காவலர், பஸ்ஸுக்கு நின்ற மாமியாரும் மருமகளும், பூ விற்கிறவர் என்று எல்லாரும் ஒரு சுற்று போய் வந்துவிட்டார்கள். ஜாக்கெட்டுக்காரர்கள் வந்தபோது இருந்ததைவிடப் போகும்போது சத்தமாகச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

இனி என் வண்டி. நாற்பத்தாறு வயதில், பல வருஷ ஆசைக்குப் பிறகு வாங்கிய பெரிய வண்டி. அதை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. யாராவது பக்கத்தில் வந்தால் கிளட்ச் வயர் லூஸ் என்பேன், பிரேக் பிடிக்கவில்லை என்பேன். "உன் வண்டிக்கு ஞாயித்துக்கிழமை மட்டும் ஒடம்பு சரியில்லாம பூடுது" என்பார் குணா. ஒருமுறை நான் நிழலில் உட்கார்ந்து டேங்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து குந்தினார். "ரைட்டரே, ஓட்டுனா டயரு தேயும். நீ இன்னாத்துக்குத் தேயறே?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அவர் இறப்பதற்கு மூன்று மாதம் முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கமாக நிற்கும் ஒரு மலைக்குடியிருப்பில் நின்றோம். அங்கே சாமை பயிரிடும் ஒருவர். நாற்பது வயதிருக்கும். இரண்டு வருஷமாக குணாவின் சிவப்பு வண்டியில் அவர் கற்றுக்கொண்டு நன்றாகவே ஓட்டினார். அவர் என் வண்டியைப் பார்ப்பதை எல்லா ஞாயிற்றுக்கிழமையும் நான் பார்க்காதமாதிரி இருந்தேன். அன்று நான் கைகழுவப் போன நேரத்தில், டீ கிளாஸ் பக்கத்தில் வைத்திருந்த சாவியை எடுத்து குணா அவரிடம் கொடுத்துவிட்டார்.

குணாவின் பழைய வண்டியில் நாலு கியரும் முன்னால்தான் மிதிக்க வேண்டும். என்னுடையதில் முதல் கியர் மட்டும் கீழே, மற்றதெல்லாம் மேலே தூக்க வேண்டும். இதைச் சொல்ல குணா மறந்துவிட்டார். சாமைக்காரர் முதல் கியரில் கிளம்பினார். இரண்டாவதுக்கு முன்னால் மிதித்தார். ஏறவில்லை. மறுபடி மிதித்தார். இன்ஜின் கத்துகிறது, இவர் மிதித்துக்கொண்டே இருக்கிறார். நான் ஓடிவருகிறேன். காலில் என்ன கோளாறு என்று குனிந்து பார்த்தார், அவ்வளவுதான். வண்டி பாதையை விட்டு இறங்கிப் பள்ளத்தில் சாய்ந்தது. டேங்கு நசுங்கியது. அவருக்கு முழங்கை உரிந்து ரத்தம் வந்தது.

நான் வண்டியைத்தான் முதலில் தூக்கினேன். பிறகு அவரைப் பார்த்து, அவர் மனைவியும் மகளும் அக்கம்பக்கத்தாரும் நிற்க, "ஆடு மேய்க்கிற கைக்கு இந்த வண்டி ஒரு கேடா?" என்று கேட்டேன்.  ரத்தம் என் வண்டியில் பட்டுவிடக் கூடாதென்று அவர் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். குணா எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து, "மாத்தி இருக்குன்னு நான்தான் சொல்லல. தப்பு எம்மேல. என்னைத் திட்டு" என்றார். அவரையும் திட்டினேன். ஊரான் வண்டியில் தர்மம் பண்ணுகிறவன் என்றேன். தனியாக இறங்கி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை. குணா இரண்டு முறை என் கடைக்கு வந்தார். வேலை இருக்கிறது என்று தலை நிமிராமல் சொன்னேன். ஒரு மாதம் கழித்து, நான் இல்லாத நேரத்தில் வீட்டில் ஒரு பை சாமை அரிசி கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சாமையைக் கொடுத்துச் சமாதானம் பேசுகிறானா என்று கோபம் வந்தது. பையைப் பிரிக்காமலே அவர் கடை வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். உள்ளே மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். பையைப் பார்த்தார். "சரிபா" என்றார். அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அது.

அடக்கம் முடிந்த மறுநாள், மல்லிகா அண்ணி எங்கள் ஐந்து பேரையும் கூப்பிட்டனுப்பினார். நம் பக்கத்தில் கல்யாணத்துக்குச் சொல்லாமல் விட்டாலும் மன்னிப்பார்கள், சாவுக்குச் சொல்லாமல் விட்டால் பேரன் காலம் வரைக்கும் பேச்சிருக்காது. அண்ணிக்கு அந்தக் கவலைதான். "ஒறமொறைக்கெல்லாம் சொல்லியாச்சுங்க. அவரு வண்டி ஏத்துனாரே, மலைமேல, அவங்களுக்கு யாரு சொன்னது? காரியத்துக்குள்ள சொல்லிடுங்க. எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லலியேன்னு நாளைக்கு ஒருத்தரு கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?" என்றார்.

 எங்களில் யாருக்கும் ஒரு பெயர்கூடத் தெரியாது. மற்ற நால்வரும் வேலை, கடை, வெளியூர் என்று இழுத்தார்கள். நான் போகிறேன் என்றேன். பெருந்தன்மை ஒன்றுமில்லை. வீட்டில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.  எங்கள் சண்டை அண்ணிக்குத் தெரியும். "போய்ட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

பெயர் தெரியாதவர்களைத் தேடுவது எப்படி என்று வழியெல்லாம் யோசித்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. குணா நிற்கும் இடத்தில் வண்டியை நிறுத்தினால் யாராவது வந்துவிடுகிறார்கள். வந்து, என் பின்னால் சிவப்பு வண்டி வருகிறதா என்று பாதையைப் பார்க்கிறார்கள். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஒரு பெரியவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். வேறொரு இடத்தில் ஒரு பெண், "அவுரு பேரு இன்னாங்க?" என்று கேட்டாள். சொன்னேன். "குணசேகரன்" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அந்தப் பெயர் மலைமேல் வந்ததே அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

மதியத்துக்குள் ஏழெட்டு இடம் ஆகிவிட்டது. ஒரு குடியிருப்பு பாக்கி. அதை இரண்டு முறை தாண்டிப் போய்த் திரும்பினேன். அந்த மனிதர் என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்வது, திட்டினாலும் கேட்டுக்கொள்வது, பார்க்க மாட்டேன் என்றால் சேதியை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் நிறுத்தினேன்.

அவர் வேலியோரம் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் வேகமாக வந்தார். வந்தவர் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க சார். நீங்களே ஒருநாளு வருவீங்கன்னு அவரு சொன்னாரு" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. முதலில் சாவுச் செய்தியைச் சொன்னேன். அவர் என் கையை விடவில்லை. சிவப்பு வண்டி வரும் பாதையைப் பார்த்தார். பிறகு உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். தொழில் பழக்கம் விடாமல் பெயர் கேட்டேன். "அண்ணாமலைங்க. எங்கப்பா பேரு சின்னசாமி" என்றார். எல்லையையும் கேட்டுவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

பேச்சு மெல்லத்தான் வந்தது. விழுந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை குணா தனியாக இங்கே வந்திருக்கிறார். காயத்துக்கு மருந்தும், பிள்ளைக்குச் சாத்துக்குடியும் கொண்டுவந்திருக்கிறார். "நீங்க குடுத்தனுப்பினீங்கன்னு சொன்னாரு சார்" என்றார் அண்ணாமலை. "கோவத்துல வாயி தவறிடுச்சி, ரைட்டரு மூணு நாளா சாப்புடல, நேர்ல வர வெக்கப்பட்டுக்கினு என்னை அனுப்பினாருன்னு சொன்னாரு. எனக்கு மனசு ஆறிடுச்சி சார். இவ்ளோ பெரிய மனுசன் நம்மகிட்ட மன்னிப்புக் கேட்டு ஆளனுப்புறாரேன்னு ஊர்லயே பேசிக்கினாங்க."

  எனக்கு உட்காரவும் முடியவில்லை, எழுந்து ஓடவும் முடியவில்லை. அந்த மூன்று நாளும் நான் மூன்று வேளையும் சாப்பிட்டேன். என் கவலையெல்லாம் நசுங்கிய டேங்கை நிமிர்த்தப் பட்டறையில் எவ்வளவு கேட்பார்கள் என்பதுதான்.

வெளியே வந்தோம். என் வண்டியைப் பார்த்தார், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். சாவியை நீட்டினேன்.  "மொத கியரு மட்டும் கீழ..." என்று ஆரம்பித்தேன். "தெரியும் சார். நீங்க வந்தா குடுப்பீங்கன்னு சொல்லி, இதோ இங்கதான், மண்ணுல குச்சியால வரைஞ்சு சொல்லிக் குடுத்தாரு. அவரு வண்டியில ஒக்காரவெச்சு, இஞ்சினு போடாம, காலால தூக்கித் தூக்கிக் காட்டுனாரு" என்றார் அண்ணாமலை. ஏறி உட்கார்ந்து கிளம்பினார்.

நானும் அவர் மனைவியும் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். வளைவுக்கு அப்பால் வண்டி தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது. இரண்டாவது கியர் மாறியது. மூன்றாவது மாறியது. இரண்டும் பிசகில்லாமல் மாறின. அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார். "சாம அரிசி குடுத்தனுப்புனோமே சார், உங்களுக்குன்னு. நல்லா இருந்துதுங்களா? நீங்க பொங்க வெச்சு ருசியா சாப்டீங்கன்னு அவரு வந்து சொன்னாரு. சும்மா சொன்னாரோன்னு எனக்கு ஒரு சந்தேகம்."

இப்படியாக நான் திருப்பி வைத்துவிட்டு வந்த அந்தப் பைக்கு, நான் சொல்லாத ஒரு நன்றியை அவர் இங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தார். "சரிபா" என்று சொன்ன அந்த நிமிஷத்தில் அவர் மனதில் என்ன ஓடியிருக்கும்? என்னை ஒருமுறை உலுக்கி, முட்டாளே, அது நான் கொடுத்தது இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் யாருடைய அரிசியைத் திருப்பினேன் என்பது எனக்குத் தெரிந்திருக்கும். அந்த வெட்கத்தைக்கூட எனக்கு மிச்சம் பிடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

"ரொம்ப நல்லா இருந்துதும்மா" என்றேன்.

குணாவை அறிந்த நண்பர்களே, உங்களில் ஒவ்வொருவரிடமும் அவருடையது ஏதாவது ஒன்று இருக்கும். அவர் கட்டிக்கொடுத்த மோட்டார் இன்னும் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும், அவர் செய்த கேலி ஞாபகம் வந்து சிரிப்பு வரும். என்னிடம் இருப்பது அவர் எனக்காகச் சொன்ன இரண்டு பொய். மலைமேல் ஒரு வீட்டில் நான் நல்லவனாக இருக்கிறேன். அந்த வீட்டில் மட்டும். போனால் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன், சாவியை நானே நீட்டுகிறேன், பெயரும் கேட்பதில்லை. ஆனாலும் அந்த வீட்டுக்குள் போனால் உட்கார முடியவில்லை. அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். மலையில் யாராவது இதைப் படித்துக் காட்டட்டும்.

அண்ணாமலை, நான் அவரை அனுப்பவில்லை. அவராகவே வந்தார்.